ஆசாரியின் மாடிக்கு ஒன்பது வருஷம் கொடுங்கள்

பினாங்கு மாநில அரசுக்கும் பினாங்குத் தீவு மாநகராட்சிக்கும்,

வணக்கம். கலையும் கைவினையும் நகரத்துக்கு வருமானம் தரும் என்று சொல்லாத மேடை இங்கே இல்லை. சுவரோவியம், விழா, காப்பிக் கடை என்று மூன்றோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் கடைவீட்டு மாடிகளில் நகை செய்யும் ஆசாரிமார் அதில் வருவதில்லை.

தாலியின் வடிவம் சமூகத்துக்குச் சமூகம் மாறும். இறக்குமதிப் பெட்டியில் எல்லாம் வந்துவிடாது. தாலியை மாற்றிக் கோக்கக் கொடுத்தவர் வேலை முடியும்வரை லிட்டில் இந்தியாவின் லெபோ பசார் தெருவில்தான் சுற்றுவார். வாழையிலைச் சாப்பாடு, ஒரு சேலை, இரண்டு முழம் மல்லிகை என்று காசு தெருவிலேயே இறங்கும். படம் பிடித்துவிட்டுப் போகிறவர் ஒரு தண்ணீர் போத்தலோடு போய்விடுவார்.

பட்டறையைத் துரத்துவது வாடகை. வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1-இல் முற்றிலும் நீங்கியது. 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. விடுதி நடத்துபவர் தரும் வாடகையை ஊதுகுழல் பிடிப்பவர் தர முடியாது. ஒப்பந்தமும் குறுகியது. தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிய வேண்டியதில்லை. அந்த வசதியில்தான் வினை. கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், அதைக் குறிப்பாக ஏற்றாவிட்டால், வீட்டை வாங்கும் புது உரிமையாளரை அந்த ஒப்பந்தம் கட்டாது.

ஆகவே மூன்று, மூன்று, மூன்று என்று ஒன்பது ஆண்டுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் அச்சிடுங்கள். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பது அதிலேயே இருக்கட்டும். கிராண்டில் குறிப்பு ஏற்றிய உரிமையாளருக்கு மட்டும் சுக்காய் பிந்துவில், அதாவது மாநகராட்சிக்குக் கட்டும் கட்டட வரியில், தள்ளுபடி கொடுங்கள். அந்த வரிக்கான இப்போதைய மதிப்பீடு, அந்த இடத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய வாடகையைத்தான் பார்க்கிறது, கைக்கு வரும் வாடகையை அல்ல. ஆசாரிக்காக வாடகையைக் குறைப்பவர் இரண்டு பக்கமும் இழக்கிறார்.

ஏமாற்றும் நடக்கும், தெரிந்ததே. முன்னால் ஒரு பட்டறை மேசையைக் காட்சிக்குப் போட்டுவிட்டுப் பின்னால் நினைவுப்பொருள் விற்பார்கள். சொல்லாமல் வந்து பாருங்கள். வேலை நடக்கும் மேசையின் கீழே அரத்தூள் இருக்கும்.

தீயைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தரை பலகை, உத்தரம் மரம், பக்கச்சுவர் அண்டை வீட்டுக்கும் பொது. ஆனால் தீர்வு பெரிய செலவில்லை. மேசையடியில் தகரம் விரிக்க வேண்டும். (நெருப்புக்காக என்று சொன்னால் ஆசாரி தள்ளிப்போடுவார், பலகை இடுக்கில் பொன்துகள் இறங்காது என்று சொல்லுங்கள், அன்றைக்கே விரித்துவிடுவார்.) காஸ் உருளை மாடிக்கு ஏறக்கூடாது, கீழே, காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். நகையைச் சுத்தம் செய்யும் அமிலத்தின் புகைக்குக் குழாய் வைத்து முற்றத்தின் வழியே கூரைக்கு மேல் விடவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அந்தப் புகை சுண்ணாம்புப் பூச்சையும் இரும்பு ஆணியையும் அரித்துவிடும். பிறகு அதே சுவரைச் சிமென்ட் பூசி மூடுவார்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூச்சு உப்பி உதிரும்.

பயன்படுத்திய அமிலம்தான் யாரும் பேசாத சங்கடம். செம்பு கலந்த அந்த நீரைக் கால்வாயில் ஊற்றக்கூடாது. 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளின்படி அதை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஒரு பட்டறையில் சேர்வதோ சில லிட்டர். அதற்காக உரிமம் பெற்ற நிறுவனத்தின் லாரி வராது. பத்துப் பட்டறைக்கு ஒரு பொதுப் பீப்பாய், அதற்கு ஒரு பொறுப்பாளர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பு. இதை மாநகராட்சி நடத்தினால் மிகச் சிறிய செலவில் முடியும்.

உங்கள் கைவசம் காலியான கடைவீடு இருந்தால் இரண்டு மாடியில் தொடங்குங்கள். எந்த மாடி என்று சொன்னால், ஒப்பந்த நகலையும் தகரம், குழாய், மின்கம்பி அளவுகளையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் நகைப் பட்டறைக்காரர்களும் கடைவீடு பழுதுபார்ப்பவர்களும்