பருவ நிறைவுக் கடிதம்: அஸ்வான் சுற்றுலாவும் ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் கெய்ரோ வார இறுதித் தமிழ் வகுப்பின் இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. பொங்கல் விழாவில் பிள்ளைகள் குறள் ஒப்புவித்ததையும் கும்மியடித்ததையும் நேரிலேயே பார்த்தீர்கள். கையெழுத்து தேறியிருக்கிறது; ரகர றகரக் குழப்பம்தான் இன்னும் தேறவில்லை. ஆசிரியைகளுக்கும் பலகாரம் செய்து அனுப்பிய தாய்மார்களுக்கும் நன்றி.

இனி, போன வாரம் போய்வந்த அஸ்வான் சுற்றுலா. இரவு ரயிலில் போய், பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, அன்றிரவே ரயிலேறினோம். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

முதலில் ஃபிலே என்னும் பழைய எகிப்தியக் கோயில். படகில் போய் இறங்கிய தீவின் பெயர் அகில்கியா. ஐசிஸ் தேவியின் கோயில் ஆதியில் இருந்த தீவு பக்கத்திலேயே தண்ணீருக்குள் கிடக்கிறது. 1902-இல் கட்டிய பழைய அணையால் வருடத்தில் பல மாதம் கோயில் நீரில் நின்றது. பிறகு யுனெஸ்கோ உதவியுடன் சுற்றிலும் தடுப்புச் சுவர் எழுப்பி, நீரை இறைத்து, ஏறத்தாழ 40,000 கற்களாகப் பிரித்தெடுத்து, இந்த மேட்டுத் தீவில் திரும்ப அடுக்கினார்கள். 1980-இல் வேலை முடிந்தது. அங்கே ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரிலுள்ள வாயிலில் ஒரு சிறு கல்வெட்டு உண்டு. கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று வெட்டியது. தேதி தெரிந்தவற்றில் எகிப்தியச் சித்திர எழுத்தில் எழுதிய கடைசி வரி அதுதான். பக்கத்தில் நிற்கும் உருவம் மண்டுலிஸ், எகிப்தின் தெற்கிலும் சூடானிலும் வாழும் நூபியர்களின் தெய்வம். எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த இடத்தை விட்டுக் கால் நகரவில்லை.

வழிகாட்டியாக வந்தவரும் நூபியர்தான். அவருடைய பாட்டியின் ஊர் இப்போது நாசர் ஏரிக்கு அடியில் இருக்கிறது. அந்த ஏரியை உண்டாக்கிய புதிய அணைக்காக 1963, 64-இல் சுமார் 50,000 நூபியர்களை ஊரோடு கிளப்பிக் கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். பேரீச்ச மரங்களையும் நைல் கரையையும் விட்டுவிட்டுப் போனவர்களுக்குக் கிடைத்தவை வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கிளம்பும் நாள் காலையில் பாட்டி வீட்டைப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் படகேறினாராம். "முழுகப் போற வீட்டை எதுக்குப் பெருக்கணும்?" என்று நம் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அந்நேரம் ஏழெட்டுப் பேர் அங்கே இல்லை. தூண்களுக்கு நடுவே நின்று வீட்டாருக்கு வீடியோ காலில் கோயிலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி அவர்கள் திரும்பட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

மாலையில் மேற்குக் கரை நூபிய கிராமத்தில், நீல வண்ணம் பூசிய வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தம் மொழியில் எண்ணக் கற்றுக்கொடுத்தார். ஒன்றுக்கு 'வேர்'. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இரண்டு 'உவ்வோ'. மூன்று 'துஸ்கோ'. அப்போது அடித்தது அவருடைய போனே. எடுத்துப் பேசி, வரிசையில் தேடி, ஒரு பையனைப் பார்த்துச் சொன்னார்: "உன் வீட்டிலிருந்து. தொப்பி போட்டிருக்கிறாயா என்று கேட்கிறார்கள்." அதோடு பாடம் கலைந்தது. நம் பிள்ளைகளுக்கு நூபிய மொழியில் மூன்று வரைதான் தெரியும்.

அவசரத்துக்கு என்று வழிகாட்டியின் போன் எண்ணைப் பெற்றோர் குழுவில் போட்டவன் நான். அது என் பிழை. முன்பின் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன். கும்பகோணத்தில் இருக்கும் பாட்டிக்குக் கோயிலைக் காட்ட ஆசைப்பட்டதிலும் தப்பில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தொப்பி அவசரம் அல்ல. சாப்பிட்டாயா என்பதும் அல்ல. ஒருவர் தம் வீடு முழுகிய கதையைச் சொல்லும்போது நம் பிள்ளைகள் முதுகைக் காட்டி நின்றது பள்ளிக்கே தலைகுனிவு. இனி வெளியூர்ப் பயணங்களில் பிள்ளைகளின் போன்கள் ரயிலேறும்போதே ஆசிரியையின் பைக்குப் போய்விடும். மதியம் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு முறை படத்தோடு குழுவில் செய்தி வரும். உண்மையான அவசரத்துக்கு என் எண் இருக்கிறது. இதற்குச் சம்மதமில்லாதவர்கள் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வார விடுமுறையின் தூக்கத்தைத் தியாகம் செய்து, ஊர் நெரிசலில் வண்டியோட்டிப் பிள்ளைகளைத் தமிழ் படிக்கக் கொண்டுவந்து விடுகிறவர்கள் நீங்கள். வீட்டு மொழியைக் காப்பாற்றும் பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனை பேர் நம்பி அனுப்பியதாலேயே இந்தப் பயணம் நடந்தது. மனமார்ந்த நன்றி.

வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலுக்கு நான்கிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ணிக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். கடைசியில், அந்த மாணவியின் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. குழுவில் போட மாட்டேன். வரும் வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்கலாம். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: ரயிலில் கிடந்த சிவப்புத் தொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.