துணி போர்த்திய சைக்கிளில் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையிறக்கச் சைக்கிள் பந்தயம் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கக் கட்டுரை வந்ததைப் பார்த்ததும், கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுப் படித்தேன். இந்தப் பந்தயத்தைத் தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. படத்தில் இருந்த வண்டியின் நடுப்பகுதியைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அது ஏன் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வண்டி எத்தனை ஆயிரம் வெள்ளி பெறும் என்பது மட்டும் இரண்டு இடத்தில் வந்திருந்தது. இன்னும் விற்பனைக்கே வராத முன்மாதிரி வண்டிக்கு விலை சொல்வதில் வாசகருக்கு என்ன பயன்?

அந்தத் துணிக்குள் இருப்பது பின்சக்கரத்தையும், அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக்கையும் இணைக்கும் தண்டுகள். அவற்றின் போல்ட்டுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் போதும். கல்லில் மோதும்போது பின்சக்கரம் எந்தப் பாதையில் மேலே போகும், ஷாக் எந்தக் கட்டத்தில் இறுகும் என்பதைக் கணினியில் போட்டுக் கணக்கிட்டுவிடலாம். பக்கவாட்டிலிருந்து எடுத்த தெளிவான ஒரு படமே அதற்குப் போதும். அதனால்தான் மூடுகிறார்கள்.

இப்படி மறைப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ஹோண்டா நிறுவனம் ஒரு காலத்தில் இந்தப் பந்தயத்தில் இறங்கியது. அவர்களுடைய ஆர்என்01 வண்டியின் நடுவில் மூடிய பெட்டி ஒன்று இருந்தது. பின்சக்கரத்தருகே கியர் எதுவும் தொங்காது. அந்த வண்டியில்தான் தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மினார் 2005இல் உலகக் கோப்பைத் தொடரின் பட்டத்தை வென்றார். பெட்டிக்குள் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற பல்சக்கரத் தொகுதி இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால், உள்ளே இருந்தது சாதாரண சைக்கிளில் உள்ள அதே செயினும், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் கியர் கருவியும்தான்! இடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். பின்சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தால் சக்கரம் தரையை விட்டு எளிதில் எழும்பாது. அந்த எடை வண்டியின் நடுவுக்கு வந்தால் ஓட்டுவதும் எளிது. 2007இன் முடிவில் ஹோண்டா விலகிக்கொண்டது. அந்த வண்டி எந்தக் கடைக்கும் வரவில்லை. ஆனால் கியரை நடுவுக்குக் கொண்டுவரும் முயற்சியை இன்றைக்கும் வேறு நிறுவனங்கள் விடவில்லை.

சக்கர அளவும் அப்படித்தான் மாறியது. 2017இல் பிரான்ஸின் லூர்து நகரில் நடந்த முதல் சுற்றுக்குச் சான்டா குரூஸ் சைக்கிள் நிறுவனத்தின் அணி வழக்கத்தைவிடப் பெரிய 29 அங்குலச் சக்கரத்தோடு வந்து நின்றது. அதே ஆண்டில் அந்த அணியின் மினார் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் அந்த அளவுச் சக்கரத்தோடு வென்றார். முன்னால் பெரியது, பின்னால் சற்றுச் சிறியது என்று கலந்து போடுவதற்கு 2019இல் விதி இடம் கொடுத்தது. இன்று நம் கடைகளில் அப்படிப்பட்ட வண்டிகள் சாதாரணமாக நிற்கின்றன. ஆக, பந்தயத்தில் கண்ணில் படும் முன்மாதிரி சில ஆண்டுகளில் நம் வாடிக்கையாளர் கேட்கும் பொருளாகிவிடுகிறது. பழுதுபார்ப்பவனுக்கு அதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது செயின் கதை. 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் அமெரிக்க வீரர் ஆரன் குவினுக்குப் புறப்பட்ட இடத்திலேயே செயின் அறுந்துவிட்டது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமலே அவர் அன்று முதலிடம் பிடித்தார். செயின் இல்லாததால்தான் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய திறமை அப்படி. ஆனாலும் அதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. ஷாக் அமுங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கர அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் கூடும். செயின் நீளாதே, என்ன செய்யும்? பெடலைப் பின்பக்கமாக இழுக்கும். நின்றபடி ஓட்டுபவரின் காலில் அது உதையாக விழும். இன்று பல பந்தய வண்டிகளில் முன் பல்சக்கரம் சில டிகிரி தளர்ந்து திரும்பும்படி ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். ஓசெயின் என்பது அதில் பெயர் பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் சற்றுத் தடித்த பல்சக்கரம் போலத்தான் தெரியும். பார்க்கத் தெரிந்தவர் கண்ணில்தான் படும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். புதிய பாகங்களைத் தேடுகிற நம் பிள்ளைகளின் கண்ணுக்கு, அந்த வண்டிகளை எப்படிச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். சேர்த்துவைத்த காசில் சுருள் ஸ்பிரிங் ஷாக் ஒன்று வாங்கிவந்து, "மாமா, உலகக் கோப்பையில எல்லாரும் இதத்தான் போட்டிருக்காங்க" என்றான். ஸ்பிரிங்கில் 450 என்று அச்சிட்டிருந்தது; அந்த எண் கூடக்கூட ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். அவன் எடை 58 கிலோ. செஸ்நட் பூங்காவின் சைக்கிள் பாதைக்குப் போய்வந்து, மரவேர்களில் பின்சக்கரம் தூக்கித் தூக்கி எறிகிறது, வண்டி சரியில்லை என்றான். அவனை வண்டியில் ஏற்றி நிறுத்தி, ஷாக்கின் இரு போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன். மொத்தம் 60 மில்லிமீட்டர் அமுங்க வேண்டிய ஷாக், அவன் எடைக்கு 12 மில்லிமீட்டர்தான் இறங்கியது. 18 வரை இறங்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி 300இல் ஒன்று போட்டோம். மறுவாரம் அவன் வண்டியைப் பற்றிக் குறையே சொல்லவில்லை.

பந்தயக்காரர்கள் செய்வதும் இதைத்தான், இன்னும் நுணுக்கமாக. பயிற்சி ஓட்டத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் பின்னாலுள்ள ஷாக்கிலும் உணர்கருவி பொருத்தி, எவ்வளவு அமுங்கியது, எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்று பார்க்கிறார்கள். மழைக்கு உரிய டயரின் நீண்ட முள்ளைக் கத்தரித்து, அரை ஈரத் தரைக்கு ஏற்றபடி ஆக்குகிறார்கள். டயரின் பெயரை மையால் அழித்திருந்தால், ஆதரவு தரும் நிறுவனத்தின் டயரை விட்டு வேறொன்றை நம்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். காற்றழுத்தத்தில் ஓரிரு பிஎஸ்ஐ, பிரேக் பிடியின் சாய்வில் சில டிகிரி என்று அவர்கள் மாற்றுபவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம்.

மலையே இல்லாத ஊரில் இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நம் சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர்தான். ஆனால் செஸ்நட் பூங்காவிலும் உபின் தீவின் கேத்தாம் பாதையிலும் மழை விட்ட மறுநாள் ஓட்டிப் பாருங்கள். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் ஈரமான வேர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 2018 ஆசிய விளையாட்டில் மலையிறக்கத்தின் இரண்டு தங்கங்களையும் வென்றவர்கள் நம் பக்கத்து நாடான இந்தோனீசியாவைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தியையும் தமிழில் யாராவது விரிவாக எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

2023இல் சார்லி ஹேட்டன் உலக வெற்றியாளர் பட்டம் வென்ற ஆதர்ட்டன் நிறுவனத்தின் வண்டியில், கார்பன் குழாய்களை இணைக்கும் டைட்டானிய மூட்டுகள் முப்பரிமாண அச்சில் செய்யப்பட்டவை. அளவை மாற்ற வேண்டுமானால் புது அச்சுவார்ப்பு தேவையில்லை, கணினியில் உள்ள வரைபடத்தை மாற்றி மறுபடி அச்சிட்டால் போதும். நம் தொழிற்கல்லூரி மாணவர்கள் வகுப்பில் தொட்டுப் பழகும் தொழில்நுட்பம் இது. அதைத் தமிழில் படிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை கட்டுரை வரும்போது, வெற்றிமேடைப் படத்தோடு வண்டியின் செயின் பக்கம் முழுதாகத் தெரியும் படம் ஒன்றையும் போடுங்கள். படக்குறிப்பில் விலைக்குப் பதிலாக ஓட்டுநரின் எடை, ஸ்பிரிங்கின் எண், டயரின் காற்றழுத்தம் ஆகிய மூன்றும் கிடைத்தால் போதும். எழுதுபவருக்குச் சந்தேகம் வந்தால் என் கடைக்கு வரட்டும், வண்டியைக் கழற்றியே காட்டுகிறேன்.

அன்புடன்,
சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர்,
ஈசூன்