சாஸ்திரியாரின் நான்கு குறைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாறிவரும் காலத்தில் திருச்சபைகளை ஆயர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாட்டுப் புத்தகத்துக்குப் பதில் திரை, ஆர்மோனியத்துக்குப் பதில் கிதார், இருபது நிமிடப் பிரசங்கம், யூடியூப் நேரலை என்று கட்டுரையாளர் சொல்லும் எதிலும் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் சபையாரை மாற்றத்தை ஏற்பவர், எதிர்ப்பவர் என்று இரண்டாகப் பிரித்து, நரைத்த தலைகளையெல்லாம் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டாரே, அதுதான் பொறுக்கவில்லை. எனக்கு வயது 72.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைக் கட்டுரையாளர் அறிந்திருப்பார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்று, தஞ்சை சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கிறிஸ்தவக் கவிராயர். முதிர்ந்த வயதில், புதிதாக வந்த இளம் மிஷனெரிகள் மீது அவர் நான்கு குறைகளை எழுதி வைத்தார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். சாதி பாராமல் கலந்திருக்க வற்புறுத்துகிறார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்கிறார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனை பாட விடுவதில்லை.

பூவிலும் பாட்டிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம். அன்று விலக்கிய கீர்த்தனைகள் இல்லாமல் இன்று எங்கள் பக்கத்தில் ஒரு ஞாயிறுகூடக் கழிவதில்லை. சாதியில் அவர் தவறு. அவர் பாட்டைப் பாடியே வளர்ந்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஒரே மனிதர், ஒரே மூச்சில் சொன்ன நான்கில், ஒன்றில் தவறியவர் மற்றொன்றில் சரியாக இருந்தார். மிஷனெரிகளோ நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி எங்கள் முன்னோர் தலையில் ஏற்றினார்கள். சாதியை விடு என்றவர்களே பூவையும் பாட்டையும் பிடுங்கியதால், சாதியையும் 'நம் வழக்கம்' என்று சொல்லிக் காப்பாற்றிக்கொள்ள வசதியாகப் போயிற்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். வில்சன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. கேட்டவர்கள் காதில் மட்டும் அது இன்னொரு துரையின் உத்தரவாக விழுந்தது.

மொழிபெயர்ப்பைப் பற்றி நானே இரு மனமாக இருக்கிறேன். திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது சபையின் முழு அங்கத்தினராகுமுன் பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்புக்கு, போகும் என் பேத்தி, மனப்பாடப் பகுதியை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." நிறுத்திவிட்டு, "யாருக்கும் பணிந்து போகமாட்டேன் என்று அர்த்தமா, ஆச்சி?" என்றாள். முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்தியவளுக்கு வாயடைத்துவிட்டது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பை எடுத்துக் காட்டினேன். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருந்தது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான், என் தாயார் சாகும்போது நான் காதில் சொன்ன வசனம் இதுவல்லவே என்று இருந்தது. புதிய புத்தகத்தை வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் அல்லர். எங்கள் சபையில் அதைப் பிரசங்க பீடத்தில் வைத்த குருவானவர், ஏன் வைக்கிறோம் என்று ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, எடுத்துச் சொல்லியிருக்கலாம். வைத்தார், முணுமுணுப்பு எழுந்தது, மூன்றாம் வாரம் எடுத்துவிட்டார்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம் பெறாத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கம் என்று மக்களைப் பிரித்து நின்ற தடுப்பை 1910 வாக்கில் குருக்களே முன்னின்று அகற்றினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. பிரிந்து உட்காரும் உரிமை என்று ஒன்று கிடையாது என்றாகிவிட்டது. கிதாரும் திரையும் இல்லாத காலத்தில் நடந்தது இது. காலத்தோடு ஓடுவது என்றால் என்ன என்று கட்டுரையாளருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குருக்கள் காலத்துக்கு முன்னாலேயே ஓடியிருக்கிறார்கள்.

எங்கள் சபைக்கு எல்இடி திரை வாங்கும் தீர்மானம் ஒரே கூட்டத்தில், பஜ்ஜியும் காபியும் வருவதற்குள், ஏகமனதாக நிறைவேறியது. வாலிபர் சங்கத்தார் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அதே கமிட்டியின் நிகழ்ச்சிநிரலில் மூன்று வருடமாக இன்னொரு பொருள் இருக்கிறது: கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஓடும் இடுப்பளவுச் சுவர். யார் எந்தப் பக்கம் புதைக்கப்படுவார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி வைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் நடவடிக்கைக் குறிப்பில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். திரைக்காகக் கை தூக்கிய அதே கைகள்தான், பெரும்பாலும் என்னைவிட இருபது முப்பது வயது இளைய கைகள். அடுத்த கூட்டம் வருகிற சனிக்கிழமை. நிகழ்ச்சிநிரல் வந்துவிட்டது, சுவர் ஏழாவது பொருள், ஆறாவது பொருள் ஒலிபெருக்கி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.