மாத்திரை தப்பில்லை, நேரம்தான் தப்பு

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்பு சேகரா,

மூன்று வாரமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். வாய்வழி குழாய் விட்டுப் பார்த்து எழுதிய ஸ்கோப் ரிப்போர்ட்டை நீ அனுப்பியிருந்தாயே, அதையும் அதற்குக் கீழே போட்டிருந்த புலம்பலையும் படித்தேன். போனில் சொல்லலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் ‘ஆங், ஆங்’ என்று சொல்லிவிட்டு மறப்பவன் நீ. எழுத்தில் இருந்தால் தங்கச்சி ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்து உன்னை மேய்ப்பாள்.

இங்கே எல்லாரும் நலம். மழை விடவில்லை. பேத்தி காதுகுத்துக்கு நீ வரவில்லை என்று சோடா பாலன் இன்னும் முனகுகிறான். மற்றது நேரில்.

நெஞ்செரிச்சலுக்குப் பன்னிரண்டு நாள் ஒமிப்ரசோல், அதுதான் அந்த அமிலம் குறைக்கும் மாத்திரை, போட்டும் கேட்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்கிறாய். எப்போது போட்டாய் என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய்: ராத்திரி சாப்பிட்டு, நியூஸ் பார்த்து, படுக்கப் போகும்போது. அட பாவி, அந்த நேரத்தில் போட்டால் மருந்தில் பாதி வீண்தான்.

வயிற்றுச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு வரும்போதுதான் அவை முழு வேகத்தில் ஓடும். இந்த மருந்து ஓடுகிற பம்பைத்தான் பிடித்து நிறுத்தும், தூங்குகிற பம்பைத் தொடாது. ரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம். ஆகவே காலைப் பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட வேண்டும். நீ 4.30க்கு எழுகிறவன். பல் விளக்கியதும் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுவிடு, வேலைக்குக் கிளம்பும் முன் பசியாறு. மாத்திரைக்கும் ரொட்டி சானாய்க்கும் நடுவில் அரை மணி, அவ்வளவுதான் கணக்கு. ஒரே நாளில் எல்லாப் பம்பும் சிக்காது, முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும்.

இன்னொன்று. கேப்ஸ்யூல் தொண்டையில் நிற்கிறது என்று பிரித்து நசுக்கிப் போட்டாயாமே? திறந்தபோது உள்ளே கசகசா மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகளைப் பார்த்திருப்பாய். ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலத்தில் கரையாமல் சிறுகுடலுக்குப் போய்த்தான் அது கரைய வேண்டும். நீ கரண்டியால் நசுக்கியபோது அந்தச் சட்டையை உரித்துவிட்டாய். விழுங்க முடியாவிட்டால் பார்மசியில் கேள், வேறு வழி சொல்வார்கள்.

ரிப்போர்ட்டில் ‘எல்.ஏ. கிரேட் பி’ என்று இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். எல்.ஏ. என்றால் லாஸ் ஏஞ்சலஸ். 1994இல் அங்கே கூடிய மாநாட்டில் முன்வைத்த அளவுகோல், அதனால் அந்தப் பெயர். உணவுக்குழாயின் உள்தோலில் புண் எவ்வளவு நீளம், எவ்வளவு சுற்று என்பதை அளப்பது. 5 மில்லிமீட்டருக்குள் என்றால் ஏ. அதைத் தாண்டியும் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குப் பரவாமல் இருந்தால் பி. பரவிவிட்டது, ஆனால் சுற்றளவில் முக்கால் பங்குக்குக் குறைவு என்றால் சி. முக்காலோ அதற்கு மேலோ என்றால் டி. உனக்கு வந்திருப்பது ஆறக்கூடிய புண்தான், ஆனால் எட்டு வாரம் வேண்டும். எரிச்சல் சீக்கிரம் அடங்கிவிடலாம், தோல் அதே வேகத்தில் ஆறாது. எரிச்சல் போனதும் பெட்டியை மூடிவிட்டுப் பிறகு ‘திரும்ப வந்துடுச்சு லா’ என்று கவுண்டரில் வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

நம் ஊரில் நெஞ்சு எரிந்தால் கேஸ்ட்ரிக், வயிறு உப்பினால் கேஸ்ட்ரிக், ஏப்பம் வந்தால் கேஸ்ட்ரிக். உன் மச்சான் சொன்ன அந்தக் கிருமி, எச். பைலோரி, வேறு கதை. அது வயிற்றில் புண் உண்டாக்கும், அதைக் கொல்ல ஆண்டிபயாட்டிக் சேர்ந்த வைத்தியம். உன்னுடையது வால்வுப் பிரச்சினை. உணவுக்குழாயும் வயிறும் சேருமிடத்தில் இருக்கும் தசை இறுகி நிற்க வேண்டிய நேரத்தில் தளர்கிறது, அமிலம் மேலே ஏறுகிறது. வயிற்றுக்கு அமிலத்தைத் தாங்கும் உறை உண்டு, உணவுக்குழாய்க்கு அது இல்லை.

அதனால்தான் ராத்திரி மோசம். படுத்ததும் அமிலம் சாய்ந்து வருகிறது, தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவு. தலையணையை மூன்றாக அடுக்கியிருக்கிறாயாம். எடு அதை! இடுப்பு மடங்கி வயிறு அமுங்கும், நிலைமை இன்னும் கெடும். உயர வேண்டியது கட்டிலின் தலைப்பக்கம் முழுதும். தலைமாட்டுக் கால் இரண்டின் கீழும் 15லிருந்து 20 சென்டிமீட்டர் உயரக் கட்டை வை. கட்டையின் மேலே கட்டில் கால் உட்காரும் அளவுக்கு ஒரு குழி தோண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் புரண்டு படுக்கும்போது நழுவி விழும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படு. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. இது மாத்திரைக்குச் சமம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இது இல்லாமல் மாத்திரை மட்டும் போடுவது ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைப்பது.

சாப்பாட்டில் உனக்கு எது ஏற்றுகிறதோ அதை நிறுத்து. சம்பல், தே தாரேக், பொரித்தது, எல்லாருக்கும் எல்லாமே ஆகாது என்பதில்லை. இரண்டு வாரம் நோட்டில் எழுதிப் பார். தொப்பையையும் சிகரெட்டையும் பற்றி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியும், கிராணி ஐயா. மருந்துக்கு மேலும் எரிந்தால் சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் ஆல்ஜினேட் தண்ணி மருந்து 10 மில்லி. அது வயிற்றில் மிதந்து மூடி போடும். புண்ணை ஆற்றாது. பாலன் மாதிரி நாள் முழுக்க ஈனோ கரைத்துக் குடிக்காதே, அதில் சோடியம் நிறைய, உனக்கோ பிரஷர் இருக்கிறது.

பிரஷர் என்றதும் ஞாபகம்: நீ போடும் அம்லோடிபின் அந்தத் தசையைத் தளர்த்தக்கூடிய வகை. நீயாக நிறுத்தித் தொலையாதே, அடுத்த முறை டாக்டரிடம் கேள். மூட்டு வலி மாத்திரையையும் சொல். எந்த மாத்திரையானாலும் நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணி உட்கார்ந்திரு. குழாயில் ஒட்டிக்கொண்டால் அதுவே புண்ணாக்கும்.

இனி கிண்டல் இல்லை. சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது, சும்மா இருக்க எடை இறங்குகிறது, வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரி, மலம் தார் போல் கறுப்பு: இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ வலி ஏறினால் கேஸ்ட்ரிக் என்று படுத்துக்கொள்ளாதே. உடனே 999க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. உனக்கு இனிப்பு நீரும் இருக்கிறது, மாரடைப்பு அப்படித்தான் நெஞ்செரிச்சல் வேஷம் போட்டு வரும்.

எட்டு வாரம் முடிந்ததும் டாக்டரைப் பார், தானாக நிறுத்தாதே. நீண்ட நாள் போட்டவர்களுக்குச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் பொங்கிக்கொண்டு வரும், படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம்.

பழைய மெராந்திப் பலகை இரண்டு இங்கே கிடக்கிறது. கட்டில் காலின் அகலத்தை டேப் வைத்து அளந்து அனுப்பு. சென்டிமீட்டரில், உன் விரல்கடை கணக்கு வேண்டாம்.

உன்,
ராஜு