அடுத்த சிலிண்டர் எங்கே மாறும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேனிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழி, தங்குமிடம், தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியவர், கேஸ் விஷயத்தை மட்டும் ‘ஒரு சின்ன சிலிண்டர் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்தச் சின்ன சிலிண்டர்? வட சென்னையில் அந்த வரியைப் படிக்கிற ஆள் நேராகப் போய் எதை வாங்குவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தண்டையார்பேட்டையில் வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். ஆடி பிறந்தால் பெரியபாளையம், கோடை விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஓட்டலை நம்பிக் கிளம்புவதில்லை. குழந்தை குட்டியோடு இருபது பேர் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் வாடகையைவிடச் சாப்பாட்டுச் செலவு ஏறிவிடும். அப்புறம், பெரியபாளையத்தம்மன் வாசலில் பொங்கல் வைக்காமல் யாராவது திரும்பி வருவார்களா? அதனால் அண்டா, கரண்டி, அரிசி மூட்டையோடு சிலிண்டரும் வேனில் ஏறும். எந்தச் சிலிண்டர் என்ற பேச்சு மட்டும் கிளம்புகிற அன்று காலையில்தான் வரும்.

முதலில் எல்லாருக்கும் கை போவது வீட்டில் இருக்கிற 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் மீது. இரும்பும் கேஸும் சேர்ந்து 30 கிலோ பக்கம் வரும். கனத்தை விடுங்கள். அது அந்த வீட்டு முகவரிக்கு, அந்த வீட்டுச் சமையலுக்குக் கொடுத்தது. வழியில் தீர்ந்தால் வெளியூர் ஏஜென்சிக்காரர் மாற்றித் தரமாட்டார். காலிச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு மீதி ஊரெல்லாம் சுற்ற வேண்டியதுதான்.

அடுத்தது, கடைத்தெருவில் தொங்கவிட்டிருக்கும் குட்டி சிலிண்டர். இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வாயால் சொல்வார்கள். மேலேயே பர்னர் வைத்து, பார்க்க லட்சணமாக இருக்கும். வாங்கும்போது ரசீதும் கிடையாது, யாருடைய பெயரும் அதில் இருக்காது. ‘தீர்ந்தா எங்க வேணா ரீஃபில் பண்ணிக்கலாம் சார்’ என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. என்னைக் கேட்டால் அதன் பெரிய ஆபத்தும் அதுவேதான். ஏதோ ஒரு சந்துக்குள் வீட்டுச் சிலிண்டரிலிருந்து டியூப் போட்டு இறக்குவதைத்தான் ரீஃபில் என்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். கம்பெனி பாட்டிலிங் ஆலையில் எடை பார்த்து நிரப்புகிறார்கள். உள்ளே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுகிறார்கள். வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் திரவம் விரியும், அதற்குத்தான் அந்த இடம். சந்துக்காரர் கையால் தூக்கிப் பார்த்து ‘போதும்’ என்கிறார். அந்தச் சிலிண்டரைச் சித்திரை வெயிலில் கதவைச் சாத்தி நிறுத்திய வேனுக்குள் வைத்துவிட்டுத்தான் நாம் கோயிலுக்குள் போகிறோம்.

லண்டனில் இருக்கும் என் மைத்துனர் இதற்கு ஒரு எதிர்வாதம் வைத்திருக்கிறார். அங்கே கேரவன் வைத்திருப்பவர்கள் தாங்களே பங்க்கில் நிறுத்திச் சிலிண்டரை நிரப்பிக்கொள்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது என்பார். அவர் சொல்வது நிஜம். கேஸ்லோ, சேஃப்ஃபில் என்று அதற்கென்றே செய்த சிலிண்டர்கள் அங்கே உண்டு. 80 சதவீதம் நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியும் நாட்டுக்கு நாடு பங்க்கில் நாசில், அதாவது கேஸ் குழாயின் முனை, வேறு வேறு என்பதால், ஐரோப்பா சுற்றுகிறவர்கள் அடாப்டர்களைக் கூடவே கொண்டுபோகிறார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் பல நாடுகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய நீல நிறக் கேம்பிங்காஸ் சிலிண்டரை வாங்குகிறார்கள். நம்மூர் ஆட்டோக்கள் கேஸ் போடும் பங்க்கில் குட்டி சிலிண்டரை நீட்டினால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடாது. நம் சிலிண்டரில் அந்த வால்வு கிடையாது. நமக்கு இருக்கிற ஒரே ஒழுங்கான வழி, காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்குவது.

அதற்கு ஏற்றது எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டர். இண்டேனில் ‘சோட்டு’, எச்.பி.யில் ‘அப்பு’. முகவரிச் சான்று வேண்டாம், ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும். ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் விற்பனை இடம் எந்த ஊரில் இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். இண்டேன் காலியை எச்.பி.யில் வாங்கமாட்டார்கள். அதனால் வாங்குவதற்கு முன்பே போகிற வழியைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் சுற்றுவதென்றால் இண்டேன் ஏஜென்சிகள்தான் அதிகம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் வீட்டுச் சிலிண்டரைவிட விலை கூடுதல்தான். அதைப் பயணச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

5 கிலோ எத்தனை நாள் வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு 150 கிராம் போலக் குடிக்கும். அந்தக் கணக்கில் சுமார் 30 மணி நேரம். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரப் பயணத்துக்குத் தாராளம். கல்யாண வீட்டுப் பர்னரை மாட்டினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

அந்தப் பர்னரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டியில் ஒரு குழுவினர் விடியற்காலைக் குளிரில் 5 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னரை மாட்டிக் கோழிக் குழம்பு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் வெளிப்பக்கம் வியர்த்து, அடியில் வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. தீ சுருங்கிப் பொட்டுப் பொட்டாக எரிந்தது. சமையல்காரர் ‘இன்னும் உள்ளே இருக்குது’ என்று சிலிண்டரை ஆட்டிப் பார்த்துவிட்டு, படுக்கப்போடப் போனார். நல்லவேளை, கையைப் பிடித்து நிறுத்தினோம். உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சின்ன உடம்பிலிருந்து நிறைய இழுத்தால் அது சில்லிட்டு, ஆவியாவது குறைந்துவிடும். சமையல் கேஸ் என்பது புரோப்பேன், பியூட்டேன் இரண்டின் கலவை. புரோப்பேன் நம்மூர்க் குளிர் எதிலும் கிளம்பிவிடும், மைனஸ் 42 டிகிரிதான் அதன் கொதிநிலை. பியூட்டேன் அப்படியில்லை, 0 டிகிரியை ஒட்டியே படுத்துவிடும். அந்த நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக வந்து, அடுப்பில் ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். வெந்நீர் ஊற்றுவது, அடியில் தீ மூட்டுவது எதுவும் கூடாது. சின்ன பர்னராக மாற்றி நிதானமாகச் சமைக்க வேண்டும். இருபது பேர் என்றால் இரண்டு சிலிண்டர், இரண்டு அடுப்பு.

2021இல் வந்த கலப்புப் பொருள் (பிளாஸ்டிக், கண்ணாடியிழை) சிலிண்டரையும் சிலர் விசாரிக்கிறார்கள். இரும்பில் பாதி எடைதான், துருப்பிடிக்காது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். வேனுக்கென்றே செய்தது போல இருக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லா ஊரிலும் மாற்றக் கிடைப்பதில்லை, அதனால் நான் இன்னும் இரும்பைத்தான் சொல்கிறேன். எதை வாங்கினாலும் ரெகுலேட்டரை அங்கேயே மாட்டிப் பாருங்கள், எல்லா வால்வும் ஒரே அளவு கிடையாது. கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ-29 என்றால் 2029 ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். சந்துக் கடைச் சிலிண்டரில் இந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

வேனுக்குள் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, சீட்டுக்கு அடியில் தரையோடு தரையாகத் தங்கும். வெளிநாட்டுக் கேரவன்களில் சிலிண்டர் பெட்டியின் தரையில் ஓட்டை விட்டிருப்பது அதனால்தான். நம் ஏ.சி. வேனில் அதுவும் இல்லை, கண்ணாடியும் ஏற்றியிருக்கும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். சமைப்பது வண்டிக்கு வெளியே. மழை பெய்தால் பிரெட் தின்னலாம்.

ரயிலில், பஸ்ஸில் எந்தச் சிலிண்டரையும் ஏற்றக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். லக்னோவிலிருந்து வந்த பெட்டி, உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

எண்ணூரில் கப்பலில் கேஸ் வந்து இறங்குகிறது, மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. டேங்கர் லாரிக்கு வழிவிட்டே எங்கள் பாதி வாழ்நாள் போகிறது. அப்படிப்பட்ட ஊரில், எந்த பங்க்கில் 5 கிலோ சிலிண்டர் மாறும் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் பதில் சொன்னால் அதிசயம். சந்துக் கடையை மட்டும் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். எண்ணெய் நிறுவனங்கள் பங்க் வாசலில் தமிழில் ஒரு பலகை வைக்கலாம். நீங்கள் அடுத்து ஊட்டிப் பயணக் கட்டுரை போடும்போது, மலை ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் எங்கே காலியைக் கொடுத்து மாற்றலாம் என்று விசாரித்து ஒரு வரி சேருங்கள். பக்கத்திலேயே கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906ஐயும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81