செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் வீடுகளில் உதவியாளர்களாகப் பணிபுரியும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

மே தினக் கொடியேற்றமும், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு கூடியது, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் வருகை (குறைவெண்) இல்லாமல் ஒத்திவைக்க நேர்ந்ததும் உண்டு. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான உதவியாளர் படி குறித்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு அளித்தோம்.

இவ்வாண்டின் முதன்மையான பணி, நான் பொறுப்பேற்று நடத்திய மாற்றுப் பணியாளர் பட்டியல், அதாவது ஓர் உதவியாளர் வராத நாளில் அவருக்குப் பதிலாகச் செல்வோரின் பட்டியல். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தன் 5ஆம் பிரிவில், அவர்கள் சமூகத்தோடு வாழும் உரிமையையும் அதற்குத் தேவையான தனி உதவியையும் குறிப்பிடுகிறது. அந்த உரிமை ஒரு வீட்டில் நடைமுறைக்கு வருவதும் வராமல் போவதும் காலை ஆறு மணிக்கு உதவியாளர் வந்து சேர்வதைப் பொறுத்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்ற ஆள் இல்லையெனில், அவருடைய அன்றைய வேலையும் வருமானமும் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கும். அவ்வப்போது குழாய் செருகிச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். ஆகவே நம்மில் ஒருவர் விடுப்பில் செல்லும் நாளில் இன்னொருவர் கட்டாயம் போகவேண்டும் என்பதே பட்டியலின் நோக்கம்.

புதிதாக வருபவருக்கு வழிகாட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைத்தோம். அதில் எழுதவேண்டியதைச் சொல்வது அந்த வீட்டில் உதவி பெறுபவரே. குடும்பத்தாரோ நாமோ அல்ல. “கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்”, “சட்டையை நான்தான் தேர்ந்தெடுப்பேன்”, “வந்தவர்களிடம் என் உடல்நிலையைப் பேசவேண்டாம்” என்பன போன்ற வரிகள் அவற்றில் உள்ளன. இது நம்மை வேலைக்காரர்களாக்குகிறது என்று சில உறுப்பினர்கள் வருந்தினார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. எதை, எப்போது, எப்படிச் செய்வது என்ற முடிவு அவருடையது. அதைச் செய்து முடிக்கும் திறமை நம்முடையது. அம்முடிவை நாம் எடுத்துக்கொண்டால் அவர் சொந்த வீட்டிலேயே நோயாளியாகிவிடுகிறார்.

ஞாயிறு பயிற்சி வகுப்பின் பயனையும் சொல்லவேண்டும். மார்புப் பகுதி முதுகெலும்பில் 6ஆவது எலும்பின் அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடப் பாதிப்புள்ளவருக்குத் திடீர்த் தலைவலியும் வியர்வையும் ஏற்பட்டால் இரத்த அழுத்தம் அபாயமாக உயர்ந்திருக்கலாம் என்றும், உடனே நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றும் அங்கே கற்பிக்கப்பட்டது. வகுப்புக்கு வந்த ஒரு சகோதரி, மாற்றாகச் சென்ற வீட்டில், தொடைக்கடியில் மடங்கிக் கிடந்த குழாயைக் கண்டு சரிசெய்து ஆபத்தைத் தவிர்த்தார்.

ஆனால் வகுப்புக்கு வந்தோர் எப்போதும் அதே சிலர்தாம். பட்டியலில் பெயர் கொடுத்தவர்களில் பலர், முறை வந்த நாளில் கைப்பேசியை அணைத்து வைத்தார்கள். தீபாவளி வாரத்தில் ஒருவர் நண்பகல் வரை படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தது. தகவல் தெரிந்து நான் போனபோது அவர் கோபிக்கவில்லை, அடுத்த முறை முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பண்டிகை நமக்கும் உண்டு, குடும்பம் நமக்கும் உண்டு என்பதை அறிவேன். வர இயலாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருக்கலாம்.

சந்தா நிலையும் இதுவே. பாதிக்கு மேற்பட்டோர் செலுத்தவில்லை. அடையாள அட்டைக்கும் நல வாரியப் பதிவுக்கும் சங்கத்தை நாடும் உறுப்பினர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. சிறு கையிருப்பு வங்கியில் இருக்கிறது. விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார்.

கட்டணமின்றிப் பயிற்சியளித்த இயன்முறை மருத்துவருக்கும், கூடம் தந்து உதவியவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பட்டியலை ஒருவரே கவனிப்பது இயலாது. பகுதிக்கு இருவர் பொறுப்பேற்றால் தொடரலாம். இல்லையேல் நிறுத்திவிடும் தீர்மானத்தை நானே முன்மொழிய வேண்டியிருக்கும். பொறுப்பேற்க முன்வருவோருக்கான படிவம் வருகைப் பதிவேட்டின் அருகில் வைக்கப்பட்டுள்ளது. உணவு இடைவேளைக்கு முன் பெயரெழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்