வாசல் நிலைக்குத் தேக்கு என்று சொன்னால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வீட்டு இணைப்பில் வந்த கட்டுரை, வாசல் நிலை, கதவு, வெளி ஜன்னல் எல்லாவற்றுக்கும் தேக்கைத் தவிர வேறு மரத்தைத் தொடவே கூடாது என்கிற மாதிரி எழுதப்பட்டிருந்தது. தேக்கு நல்ல மரம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மதுரையில் இன்று வீடு கட்டுகிறவர் மரக்கடைக்குப் போய் "தேக்கு" என்று கேட்டால் என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

இன்னும் சில கடைகளில் எதைக் காட்டினாலும் "பர்மா தேக்கு" என்கிறார்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அறுத்த மரமாக வருவது உண்டு, அதன் விலையே தனி. மற்றபடி ஆப்பிரிக்கா, ஈக்வடார், பனாமா என்று தோட்டம் போட்டு வளர்த்து, இளசிலேயே வெட்டிய கட்டைகள் நிறையப் புழங்குகின்றன. அதுவும் தேக்குதான், பொய் இல்லை. ஆனால் இளம் மரத்தில் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி குறைவு, அதைச் சுற்றி ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி அதிகம். கரையானைத் தடுக்கும் சத்து வைரத்தில்தான் இருக்கிறது. தேக்காகவே இருந்தாலும் வெள்ளைப் பகுதியைக் கரையான் விட்டுவைக்காது. அந்த வெள்ளையின் மேல் கலர் ஏற்றிப் பாலிஷ் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் சட்டத்தை இழைப்பதற்கு முன்பே, வெட்டு முனையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்துக்கு மூன்று அங்குல நிலைக்கு, 7 அடியில் இரண்டு கால், 4 அடியில் மேலும் கீழும் இரண்டு, ஆக 22 அடி. 15-ஐ 22-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் சுமார் 2.3 கன அடி வரும். இதில் கால்வாசி வெள்ளை என்றால், அரை கன அடிக்கு மேல் கரையானுக்காகவே காசு கொடுத்து வாங்குகிறோம்!

இதைவிடப் பெரிய கூத்து ஈர மரம். நிலை வைக்க முகூர்த்தம் குறித்த பிறகுதான் நாம் மரம் வாங்க ஓடுகிறோம், கடைக்காரரும் அன்றைக்கு அறுத்ததை ஏற்றி அனுப்புகிறார், அது சித்திரை வெயிலில் சுருங்கி வெடித்து, ஐப்பசி மழையில் உப்பி, கதவு சாத்தவே மாட்டேன் என்கிறது, கடைசியில் திட்டு வாங்குவது ஆசாரி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே மரத்தை வாங்கி அறுத்து, நிழலில் காற்றோட்டமாக நடுநடுவே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கொடுத்து அடுக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஈரம் பார்க்கிற சின்ன மீட்டர் இருக்கிறது, 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது.

நன்றாகக் காய்ந்த வேம்பு இருந்தால் நிலைக்குத் தாராளமாகப் போடலாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் வேப்ப நிலையைப் பார்க்கலாம். கிராமத்தில் கட்டையைக் கண்மாயில் ஊறப்போட்டு, அப்புறம் எடுத்துக் காயவைப்பார்கள். மரத்தின் சாறு கரைந்து போனால் வண்டு துளைப்பது குறையும். நிலை வேம்பு, கதவு தேக்கு என்று வைத்தால் செலவும் இறங்கும். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளையும் ஒரு நடை பாருங்கள். பல காலம் காய்ந்து இறுகிய மரம் அங்கே கிடைக்கும், உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

எந்த மரமானாலும் நிலைக்காலின் அடி சிமென்ட்டுக்குள் புதைந்தால் உளுத்துப்போகும். வெட்டு முனை வழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்கிறது. அந்த முனைக்கு பிரைமர் நன்றாக அடித்து, கல் படி மேல் நிறுத்த வேண்டும்.

இப்போது எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பு அழகு என்று வெளிச் சுவரிலேயே பலகை ஒட்டுகிற மோகம் வேறு வந்திருக்கிறது. மேற்குச் சுவரில், அதுவும் சன்ஷேடு கூட இல்லாமல், நம் ஊர் வெயிலுக்கு இதைச் செய்வது வீண் செலவு என்பது என் கருத்து. சாதாரண வார்னிஷ் வெயிலில் செதில் செதிலாக உரியும், பிறகு மொத்தமாகச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். ஆசையாக இருந்தால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள், வார்னிஷுக்குப் பதில் வருடா வருடம் எண்ணெய் பூசுங்கள்.

ஆசிரியரிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, வேலை பார்க்கும் ஆசாரி ஒருவரிடமும் கேட்டுப் போடுங்கள். மரக்கடைக்காரர்களும் பில்லில் வெறும் "தேக்கு" என்று எழுதாமல் எந்த நாட்டு மரம், வெள்ளை எவ்வளவு, காயவைத்ததா என்று எழுதித் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.